தேரைக்கு இடம் கொடுங்கள்: உயிரியல் பூங்கா இயக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

உயிரியல் பூங்காக்களையும் கடல்வாழ் உயிரினக் காட்சியகங்களையும் நடத்தும் இயக்குநர்களுக்கும், அவற்றுக்கு அனுமதியும் பணமும் கொடுக்கும் அரசுகளுக்கும் அறக்கட்டளைகளுக்கும்,

வணக்கம்.

உங்களைத் திட்டி வரும் கடிதங்களுக்குப் பஞ்சம் இருக்காது. கூண்டுகளை எல்லாம் இன்றே திறந்துவிடுங்கள் என்று ஒரு கூட்டம் எழுதும். பூங்காக்கள் மட்டும் இல்லாவிட்டால் காட்டு விலங்கு ஒன்றுகூட மிஞ்சாது என்று இன்னொரு கூட்டம் உங்களுக்காக வாதாடும். இரண்டு தரப்பும் "விலங்குகள்" என்று மொத்தமாகப் பேசுவதுதான் எனக்குச் சலிப்பூட்டுகிறது. துருவக்கரடியும் தேரையும் ஒன்றா? அடைபட்ட வாழ்க்கையை ஓர் உயிர் எந்த அளவுக்குத் தாங்கும், அதை அடைத்து வைப்பதால் அதன் இனத்துக்கு என்ன பயன் என்ற இரண்டு கேள்விகளுக்கும் ஒவ்வோர் இனத்திலும் விடை மாறும். அந்த விடைகளில் பலவற்றை ஆய்வாளர்கள் உங்கள் பூங்காக்களின் பதிவேடுகளிலிருந்தே எடுத்துக் காட்டிவிட்டார்கள். இருந்தும் எந்த விலங்கு உள்ளே இருக்க வேண்டும் என்பதை இன்றும் டிக்கெட் வரிசைதான் தீர்மானிக்கிறது. என் புகார் அதைப் பற்றியது.

உங்களுக்குப் பெருமை சேர்க்கும் கதையிலிருந்தே தொடங்குகிறேன். தான்சானியாவில் கிஹான்சி ஆறு பாறைகளில் விழுந்து இறங்கும் ஒரு பள்ளத்தாக்கு உண்டு. அருவியின் தூவானம் எந்நேரமும் நனைத்துக்கொண்டிருந்த சுமார் 2 ஹெக்டேர் ஈரநிலம்தான் ஒரு தேரை இனத்துக்கு உலகம் முழுவதும் இருந்த ஒரே வீடு. மஞ்சள் நிறத் தேரை. வளர்ந்த பிறகும் கட்டைவிரல் நகத்தின் மேல் உட்கார்ந்துவிடும். நீரில் முட்டையிட்டுவிட்டுப் போகும் வழக்கம் அதற்கு இல்லை. முழு உருவம் பெற்ற குஞ்சுகளை ஈனும். 1996இல்தான் அறிவியல் உலகம் அதைக் கண்டுகொண்டது. 2000ஆம் ஆண்டில் மேலே கட்டிய அணை மின்சாரம் தரத் தொடங்கியதும் ஆற்று நீரில் ஏறத்தாழ 90 விழுக்காடு வேறு வழியே போய்விட, தூவானம் நின்றது. தேரைகள் சரியத் தொடங்கின. பூஞ்சை நோயும் சேர்ந்துகொண்டது. 2009இல் அது காட்டில் அற்றுப்போன இனம் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அறிவித்தது.

நல்ல வேளையாக, அதற்கு முன்பே, 2000ஆம் ஆண்டின் கடைசியில், சுமார் 500 தேரைகளைப் பிடித்து அமெரிக்கப் பூங்காக்களுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அங்கும் எடுத்த எடுப்பில் வெற்றி கிட்டவில்லை. ஒரு கட்டத்தில் உலகத்தில் மிஞ்சியவை நூற்றுக்கும் குறைவு. எந்த விளக்கு, எவ்வளவு ஈரம், எந்தப் பூச்சி, எந்தச் சத்து என்று பிராங்க்ஸ் பூங்காவிலும் டொலீடோ பூங்காவிலும் பராமரிப்பாளர்கள் ஒவ்வொன்றாகத் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டார்கள். தேரைகள் ஆயிரக்கணக்கில் பெருகின. 2012 முதல் அவை கிஹான்சிக்குத் திரும்பத் தொடங்கின. அருவியின் வேலையைச் செய்வதற்கு அங்கே நீர்த்தெளிப்புக் குழாய்கள் அமைக்கப்பட்டிருந்தன. ஓர் இனம் முழுவதையும் சில அறைகளுக்குள் வைத்துக் காப்பாற்றியிருக்கிறீர்கள். அந்தக் கண்ணாடித் தொட்டிகளை "சிறை" என்று யாராவது சொன்னால் உங்கள் பக்கம் நின்று வாதாட நான் தயார்.

அரேபிய ஓரிக்ஸ் மானின் கதையும் அப்படித்தான். காட்டில் இருந்த கடைசி ஓரிக்ஸ் 1972இல் ஓமனில் சுட்டுக் கொல்லப்பட்டது. பத்தாண்டுகளுக்கு முன்பே முன்யோசனையோடு சிலவற்றைப் பிடித்துப் பீனிக்ஸ் பூங்காவில் மந்தையாக வளர்த்திருந்ததால் 1982இல் அது பாலைவனத்துக்குத் திரும்ப முடிந்தது. மங்கோலியாவின் காட்டுக் குதிரை, பிரேசிலின் பொன்னிறச் சிங்கத் தாமரின் குரங்கு, வடஅமெரிக்காவின் கருங்கால் ஃபெரெட் என்று பட்டியல் நீளும். கலிபோர்னியா காண்டோர் கழுகுகள் 1987இல் மொத்தம் 27 மட்டுமே இருந்தன. எஞ்சியிருந்த கடைசிப் பறவையையும் காட்டிலிருந்து பிடித்துக் கூண்டில் விட்டபோது, மானத்தோடு வானத்தில் சாகட்டுமே, ஏன் பிடிக்கிறீர்கள் என்று கேட்ட இயற்கை ஆர்வலர்கள் உண்டு. அவர்கள் சொன்னபடி விட்டிருந்தால் இன்று காண்டோர் இல்லை. இப்போது 500க்கும் மேல் இருக்கின்றன. பாதிக்கும் மேற்பட்டவை வெளியில் பறக்கின்றன.

ஆனால் அவை பறக்கும் வானத்தின் கீழே வேட்டைக்காரர்கள் விட்டுப்போகும் இறைச்சியில் இன்னும் ஈயத் துணுக்குகள் கிடக்கின்றன. அதைத் தின்று காண்டோர்கள் சாகின்றன. கூண்டில் எத்தனை குஞ்சு பொரித்தாலும் ஈயத் தோட்டாவை நிறுத்தச் சட்டம்தான் வேண்டும். கலிபோர்னியாவில் வேட்டைக்கு அதை முழுமையாகத் தடைசெய்வதற்கு 2019 வரை ஆனது. கூண்டால் எதைச் சாதிக்க முடியும், எதைச் சாதிக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. அவகாசம் வாங்கித் தரும். அதோடு அதன் வேலை முடிந்தது.

இனி வரிசை நிற்கும் பக்கத்துக்கு வருவோம்.

துருவக்கரடியின் அடைப்பிடத்தின் முன்னால் கால் மணி நேரம் நின்று பார்த்தவர்களுக்கு இது தெரியும். கரடி ஏழெட்டு அடி நடக்கிறது. சுவருக்கு ஒரு முழம் முன்னால் நிற்கிறது. தலையைத் தூக்கி, கழுத்தை இடப்பக்கமாக ஒரு சுழற்றுச் சுழற்றி, திரும்புகிறது. மறுபடியும் ஏழெட்டு அடி. போன தடவை பாதம் பட்ட இடத்திலேயே இந்தத் தடவையும் பாதம் படுகிறது. அந்த இடத்தில் தரை தேய்ந்து பளபளக்கிறது. கழுத்தைச் சுழற்றும் இடமும் மாறுவதில்லை. "பாருங்கள், நடைப்பயிற்சி செய்கிறது" என்று பக்கத்தில் ஒருவர் குழந்தைக்குச் சொல்கிறார். குழந்தை கையசைக்கிறது. கரடி யாரையும் பார்ப்பதில்லை. நியூயார்க் சென்ட்ரல் பார்க் பூங்காவில் கஸ் என்ற கரடி 1990களில் குளத்துக்குள் மணிக்கணக்கில் எட்டு வடிவத்தில் நீந்திக்கொண்டே இருந்தது. அதற்கு ஒரு நடத்தை நிபுணரை வரவழைத்தார்கள், விளையாட்டுப் பொருள்கள் கொடுத்தார்கள், உணவைத் தேடித் தின்னும்படி ஒளித்து வைத்தார்கள். நீச்சல் குறைந்தது, அடியோடு நிற்கவில்லை.

ஏன் இந்தக் கரடிக்கு மட்டும் இப்படி? 2003இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்களான ராஸ் கிளப், ஜார்ஜியா மேசன் இருவரும் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். கூண்டில் இப்படி நடைபோடுவதற்கும், குட்டிகள் அதிகமாகச் சாவதற்கும் காரணம் வேட்டையாட முடியாத ஏக்கமாக இருக்கும் என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். எண்கள் வேறு ஒன்றைச் சொல்லின. காட்டில் எந்த ஊனுண்ணி அதிகத் தொலைவு சுற்றுகிறதோ, அதுதான் கூண்டில் அதிகமாகச் சீரழிகிறது. துருவக்கரடிக்கு நீங்கள் கொடுக்கும் சராசரி இடம், காட்டில் அது சுற்றும் குறைந்தபட்சப் பரப்பில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இரு மடங்காக்குங்கள், பத்து மடங்காக்குங்கள். லட்சத்தில் ஒரு பங்குக்கு வந்து சேர்வீர்கள். பாறை வடிவத்தில் சிமெண்ட் பூசி வெள்ளையடித்துப் பனி என்று காட்டுவது பார்க்க வருபவர்களுக்கான வேலை. கரடிக்குப் பனியும் சிமெண்டும் தெரியாதா என்ன?

யானைகளின் கணக்கு இன்னும் கொடுமையானது. அதே ஆய்வாளர்கள் சகாக்களோடு சேர்ந்து 4,500க்கும் மேற்பட்ட யானைகளின் பதிவுகளை எடுத்து 2008இல் வெளியிட்ட முடிவு இது. ஐரோப்பியப் பூங்காக்களில் பிறந்த ஆப்பிரிக்கப் பெண் யானைகளின் இடைநிலை ஆயுள், அதாவது பாதி யானைகள் செத்துப்போகும் வயது, 16.9 ஆண்டுகள். கென்யாவின் அம்போசெலியில் இயற்கையாகச் சாகும் யானைகளுக்கு அது 56 ஆண்டுகள். மனிதரால் கொல்லப்பட்டவற்றையும் சேர்த்தால்கூட 35.9. அந்தக் கடைசி எண்ணைத் தயவுசெய்து இன்னொரு முறை படியுங்கள். ஈட்டியும் துப்பாக்கியும் இருக்கும் காட்டில், மருத்துவரும் வேளாவேளைக்குத் தீவனமும் இருக்கும் உங்கள் வளாகத்தைவிட யானை இரண்டு மடங்கு காலம் வாழ்கிறது. ஆசிய யானைக்கு ஆய்வாளர்கள் ஒப்பிட்டது மியான்மரில் மரம் இழுக்கும் யானைகளை. பகலெல்லாம் வேலை செய்து, வேலை முடிந்ததும் காட்டில் மேய அவிழ்த்துவிடப்படும் அந்த யானைகளின் இடைநிலை ஆயுள் 41.7 ஆண்டுகள். பூங்காவில் பிறந்தவற்றுக்கு 18.9. ஆப்பிரிக்க யானைகளின் நிலை பிற்காலத்தில் சற்று மேம்பட்டது என்பதையும் அதே ஆய்வு நேர்மையாகச் சொல்லியிருக்கிறது. ஆசிய யானைகளுக்கு அந்த ஆறுதலும் இல்லை.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். உங்கள் கணக்கில் பிறந்தாலும் ஆயிரம் பொன். குட்டி பிறந்த செய்தி, பெயர் சூட்டும் போட்டி, முதல் குளியலின் படம், அந்தப் பருவம் முழுவதும் கூட்டம். அந்தக் குட்டி எத்தனை வயதில் எதனால் செத்தது என்ற செய்தியை அதே எழுத்தளவில் நீங்கள் வெளியிட்டு நான் பார்த்ததில்லை.

இதை நீதிமன்றம் தீர்க்கட்டும் என்று காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஹேப்பி என்ற யானையின் வழக்கு அப்படித்தான் போனது. 2006இல் வெளியான ஒரு ஆய்வில் அந்த யானையின் ஒரு கண்ணுக்கு மேலே வெள்ளைக் குறி ஒன்றை வரைந்தார்கள். மறுபக்கம், கண்ணுக்குத் தெரியாத நிறமற்ற குறி. பெரிய கண்ணாடி ஒன்றின் முன்னால் நின்ற ஹேப்பி, துதிக்கையை வளைத்துத் தன் முகத்திலிருந்த வெள்ளைக் குறியைத் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்தது. எதிரே தெரிவது வேறொரு யானை அல்ல, தான்தான் என்பது அதற்குப் புரிந்திருந்தது. பதினாறு ஆண்டுகள் கழித்து, 2022 ஜூனில், அதை விடுவிக்கக் கோரிய வழக்கில் நியூயார்க்கின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் ஐந்துக்கு இரண்டு என்ற கணக்கில், ஆட்கொணர்வு மனுவின் பயன் மனிதர்களுக்கு மட்டுமே என்று தீர்ப்பளித்தது. சட்டப்படி அது சரியா தவறா என்பதில் எனக்குப் பெரிய அக்கறை இல்லை. வழக்கு அதுவரை போக வேண்டிய தேவையே இருந்திருக்கக் கூடாது.

ஏனென்றால் 2005இல் டெட்ராய்ட் பூங்கா எந்த நீதிபதியும் சொல்லாமலே விங்கி, வாண்டா என்ற தன் இரண்டு யானைகளைக் கலிபோர்னியாவில் உள்ள ஒரு புகலிடத்துக்கு அனுப்பியது. நீண்ட குளிர்காலம், மூட்டு வலி, போதாத இடம். எங்களால் இவற்றை நல்லபடியாக வைத்துக்கொள்ள முடியாது என்று இயக்குநரே வெளிப்படையாகச் சொன்னார். உங்கள் துறையின் சங்கம் முதலில் முரண்டு பிடித்தது. வேறொரு பூங்காவுக்குத்தான் அனுப்ப வேண்டும் என்றது. பிறகு வழிவிட்டது. ஓர் இயக்குநரின் மேசையில் முடியக்கூடிய காரியம் இது.

அப்படியென்றால் எல்லாவற்றையும் அவிழ்த்துவிடலாமா? முடியாது. கெய்க்கோ என்ற ஓர்க்கா திமிங்கிலத்தை அதற்குச் சாட்சியாகக் கூப்பிடலாம். 1979இல் ஐஸ்லாந்துக் கடலில் குட்டியாகப் பிடிபட்டு, தொட்டிகளில் வளர்ந்து, திரைப்படத்தில் நடித்துப் புகழ்பெற்று, உலகமே பணம் போட்டதால் மீண்டும் ஐஸ்லாந்துக்குக் கொண்டுவரப்பட்டது. பல ஆண்டுப் பயிற்சிக்குப் பின் 2002இல் திறந்த கடலுக்குப் போனது. போய்ச் சேர்ந்த இடம் நார்வேயின் ஒரு கடற்கழி. அங்கேயும் மனிதர்களைத்தான் தேடி வந்தது. 2003 டிசம்பரில் இறந்தது. காட்டு ஓர்க்காக் கூட்டம் எதுவும் அதைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளவில்லை. கூண்டைத் திறப்பது கருணை என்று நினைப்பவர்கள் அந்த விலங்கு இத்தனை ஆண்டுகளில் எதையெல்லாம் கற்காமல் போய்விட்டது என்பதைக் கணக்கில் எடுப்பதில்லை.

ஆனால் விடுவிப்பதற்கும் இப்படியே தொடர்வதற்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. அதை உங்களில் ஒருவரே நடந்து காட்டிவிட்டார். திலிக்கம் என்ற ஓர்க்கா 2010இல் தன் பயிற்சியாளரைக் கொன்றது. அது தொடர்புபட்ட மூன்றாவது மனித உயிரிழப்பு அது. பொதுமக்களின் எதிர்ப்பு வலுத்தபின், 2016 மார்ச்சில் அதை வைத்திருந்த சீவேர்ல்ட் நிறுவனம் இனி ஓர்க்காக்களை இனப்பெருக்கம் செய்வதில்லை என்று அறிவித்தது. இருப்பவை கடைசித் தலைமுறை. நல்ல எண்ணத்தால் வந்த முடிவா, நட்டத்தால் வந்த முடிவா என்று நான் ஆராயப் போவதில்லை. முடிவு சரியானது. யானைக்கும் துருவக்கரடிக்கும் டால்பினுக்கும் அதையே கேட்கிறேன். புதிதாகப் பிடிக்க வேண்டாம், வாங்க வேண்டாம், குட்டி போட வைக்க வேண்டாம். இப்போது இருப்பவற்றை உங்களால் முடிந்ததில் மிகச் சிறந்த முறையில், இயன்றால் பரந்த புகலிடங்களில், கடைசி வரை காப்பாற்றுங்கள்.

"காட்டு விலங்கு மட்டும் சுதந்திரமாகவா இருக்கிறது?" என்று நீங்கள் கேட்பீர்கள். பூங்கா உயிரியலின் தந்தை என்று நீங்கள் மதிக்கும் சுவிட்சர்லாந்தின் ஹெய்னி ஹெடிகர் அதைத்தான் கேட்டார். எல்லைகளும் பசியும் பகையும் காட்டு விலங்கையும் கட்டிவைத்திருக்கின்றன, ஆகவே இடத்தின் அளவைவிட அதன் தரம் முக்கியம் என்பது அவர் வாதம். எனக்கு அவர் மேல் மரியாதை உண்டு. தப்பி ஓடுவதற்கு விலங்கு எவ்வளவு தூரம் தேவை என்று நினைக்கிறது என்பதை முழ அளவில் அளந்து சொன்னவர் அவர். அவருடைய அளவுகோலையே எடுத்துக்கொள்வோம். ஈரம், வெளிச்சம், ஒளிந்துகொள்ள ஓர் இலை இவற்றைச் சரியாகக் கொடுத்துவிட்டால் தேரைக்கு அந்தத் தரம் கிடைத்துவிடுகிறது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடப்பதே வாழ்க்கையாகக் கொண்ட விலங்குக்குத் தரத்தை இடத்திலிருந்து பிரித்துக் கொடுக்க முடிந்ததா? உங்கள் சாவுப் பதிவேடு முடியவில்லை என்கிறது.

சிங்கம், புலி, மனிதக்குரங்கு ஆகியவற்றைப் பற்றி இந்த மடலில் நான் தீர்ப்பு எழுதவில்லை. அங்கே விவாதிக்க இடமிருக்கிறது. ஒவ்வொரு பூங்காவாக, ஒவ்வொரு விலங்காகப் பார்க்க வேண்டியது அது. மனிதக்குரங்கைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். 1968இல் ஒமாஹா பூங்காவில் ஃபு மன்சு என்ற ஒராங்குட்டான் திரும்பத் திரும்ப வெளியே வந்துகொண்டிருந்தது. கதவை யாரோ பூட்ட மறந்துவிடுகிறார்கள் என்று பராமரிப்பாளர்கள்மீது சந்தேகப்பட்டார்கள். கடைசியில் பார்த்தால் அது ஒரு கம்பித் துண்டால் கதவைத் திறந்துகொண்டிருந்தது. வேலை முடிந்ததும் கம்பியை வாய்க்குள், உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் ஒளித்து வைத்திருந்தது. இதைச் சொல்லிச் சிரிக்கிறோம். அது எதற்காக அவ்வளவு பாடுபட்டது என்று கேட்பதில்லை.

கல்வி என்ற வாதத்துக்கு அதிக நேரம் கொடுக்க மாட்டேன். உங்கள் உலக சங்கத்தின் துணையோடு பல நாட்டுப் பூங்காக்களில் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், பல்லுயிர் வளம் என்றால் என்ன என்பதை ஓரளவாவது சொல்லத் தெரிந்த பார்வையாளர்கள் உள்ளே வரும்போது சுமார் 70 விழுக்காடு, வெளியே போகும்போது சுமார் 75. நூற்றுக்கு ஐந்து பேர் கூடியிருக்கிறார்கள். நல்லதுதான். அந்த ஐந்து பேருக்காக ஒரு யானையின் இருபது ஆண்டு ஆயுளைக் கழித்துக்கொள்ளலாமா என்பதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். நீலத் திமிங்கிலத்தை யாரும் தொட்டியில் வைத்ததில்லை; அதை அறியாத குழந்தையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

பணம் பற்றியும் பேசியாக வேண்டும். உலக சங்கங்களைச் சேர்ந்த பூங்காக்களுக்கு ஆண்டுக்கு 70 கோடிக்கும் மேற்பட்ட வருகைகள். காட்டில் நடக்கும் பாதுகாப்புப் பணிக்கு அவை செலவிடுவது சுமார் 35 கோடி டாலர் என்று 2011இல் வெளியான கணக்கு சொல்கிறது. பெரிய தொகைதான். ஆளுக்குப் பிரித்தால் வருகை ஒன்றுக்கு அரை டாலர். அழிவின் விளிம்பில் உள்ள நிலவாழ் முதுகெலும்பிகளில் ஏறத்தாழ ஏழில் ஓர் இனம்தான் பூங்காக்களில் இருக்கிறது. தவளை, தேரைகளின் பங்கு அதைவிடக் குறைவு. பூஞ்சை நோயால் இனம் இனமாக அற்றுப்போய்க்கொண்டிருப்பவை அவை. ஒரு யானைக் கொட்டகையைப் புதுப்பிக்கும் செலவில் எத்தனை தவளை இனங்களுக்கு அறை கட்டலாம் என்று உங்கள் பொறியாளரிடமே கேளுங்கள். கூட்டம் வராது என்ற பதில் தயாராக இருக்கும். கிஹான்சித் தேரைக்கு மட்டும் கூட்டம் வந்ததா?

2014 பிப்ரவரியில் கோபன்ஹேகன் பூங்கா மாரியஸ் என்ற இளம் ஒட்டகச்சிவிங்கியைக் கொன்று, பார்வையாளர்கள் முன்னிலையில் அறுத்து, சிங்கங்களுக்குப் போட்டது. நோய் எதுவும் இல்லை. அதன் மரபணு ஐரோப்பியத் திட்டத்தில் ஏற்கெனவே தேவைக்கு மேல் இருந்தது, அவ்வளவுதான். உலகமே கொதித்தது. நான் கோபன்ஹேகனை முழுவதுமாகத் திட்டத் தயாராக இல்லை. இப்படி உபரியாகிக் கொல்லப்படும் விலங்குகள் ஐரோப்பாவில் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் இருக்கும் என்று அங்குள்ள பூங்காக்களின் சங்க நிர்வாகியே அப்போது சொன்னார். மற்றவர்கள் பின்வாசலில் செய்ததை அவர்கள் முன்வாசலில் செய்தார்கள். என் கேள்வி அதற்கு முந்தைய கட்டத்தைப் பற்றியது: தேவைக்கு மேல் என்று தெரிந்திருந்தும் அது ஏன் பிறக்க வைக்கப்பட்டது?

அரசுகளுக்கும் ஒரு வார்த்தை. நட்புக்கு அடையாளமாகக் காட்டு விலங்கின் குட்டியைக் கப்பலேற்றுவதை நிறுத்துங்கள். 1985இல் இலங்கை பாகிஸ்தானுக்குப் பரிசளித்த காவன் என்ற யானைக் குட்டி இஸ்லாமாபாதில் 35 ஆண்டுகள் இருந்தது. கூட இருந்த பெண் யானை 2012இல் செத்த பிறகு தனியாக நின்று தலையாட்டிக்கொண்டிருந்தது. 2020இல் உயர் நீதிமன்றம் ஆணையிட்ட பிறகுதான் கம்போடியாவில் உள்ள ஒரு புகலிடத்துக்கு விமானம் ஏறியது. பரிசு கொடுத்தவரும் வாங்கியவரும் எப்போதோ பதவியைவிட்டுப் போயிருந்தார்கள்.

எனவே உங்கள் அடுத்த ஆண்டறிக்கையில் சில பக்கங்கள் கூட்டுங்கள். அந்த ஆண்டில் செத்த ஒவ்வொரு விலங்கும், அதன் வயது, சாவின் காரணம். உபரி என்று கொல்லப்பட்டவை, விற்கப்பட்டவை, அவை போய்ச்சேர்ந்த இடம். எந்த விலங்கு நாளில் எத்தனை மணி நேரம் நடைபோடுகிறது அல்லது தலையாட்டுகிறது. உங்கள் பராமரிப்பாளர்களுக்கு அது தெரியும், எழுதச் சொன்னால் எழுதுவார்கள். ஒவ்வொரு டிக்கெட்டிலும் எவ்வளவு பணம் காட்டுக்குப் போகிறது என்பதை டிக்கெட்டிலேயே அச்சிடுங்கள். யானை இல்லாத பூங்காவுக்கும் நான் டிக்கெட் வாங்குவேன். அட்டையில் வழக்கமாகப் போடும் குட்டியின் படத்துக்குப் பதிலாக ஒரு தேரையின் படத்தைப் போட்டால், அதையும் வரவேற்கிறேன்.

இப்படிக்கு,
டிக்கெட் வாங்கி உள்ளே வருபவர்களில் ஒருவர்